சத்தம் குறைக்கிற அண்ணன்

எங்கள் குழுவைப் பற்றி எழுத வருகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பாட்டு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லை விழுங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்துகிறீர்களே, கூட்டம் அந்தச் சொல்லைக் கத்துகிறதே, அந்த இடைவெளி யாருடைய யோசனை? நானும் காசிமும் பாண்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். "எல்லாரும் சேர்ந்து யோசிச்சதுதான்" என்பான் காசிம். பச்சைப் பொய். அது யோசனையே கிடையாது. ஒரு மனுஷனின் பயம்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தன் வேன் கதவில்கூட 'மைக்செட்' என்று மட்டும்தான் எழுதி வைத்திருந்தார். எங்களைவிட இருபத்தைந்து, முப்பது வயது மூத்தவர், ஆனாலும் எங்களுக்கு அண்ணன்தான். காளவாசலில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற சந்தில் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே ஆள் உயரப் பாக்ஸுகள், சுருள் சுருளாக வயர், மரத்திலும் கம்பத்திலும் கட்டுகிற கூம்புக் குழாய்கள். நாங்கள் பாடிப் பழக மதுரையில் வேறு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே சத்தம் குடியிருக்கிற இடம் என்பதால் அந்தச் சந்தில் மட்டும் யாரும் எங்களைத் திட்டவில்லை.

அப்போது நாங்கள் பாடியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கல்லூரி முடித்த புதிது. இணையத்தில் இறக்கிய இசைக்கு மேலே பனி பெய்கிற தெருவையும் துப்பாக்கியையும் பற்றிப் பாடுவோம். நாங்கள் மூன்று பேரும் பனியை ஐஸ் வண்டியில் மட்டும்தான் பார்த்தவர்கள். அண்ணன் ஒருநாள் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"இந்த டும்மு டும்முவ இப்படியே விட்டீங்கன்னா என் பாக்ஸு கிழிஞ்சுரும். உறுமிய வச்சுக்கிட்டா என்ன?"

பாண்டி வீட்டில் உறுமி இருந்தது. ராப் பாடுகிறவன் உறுமியைத் தூக்கிக்கொண்டு வருவதா என்று அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். அவன் கொண்டுவந்ததும் காசிமும் சும்மா இருக்க மாட்டாமல், தன் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அடிக்கிற தஃப்பைக் கொண்டுவந்தான். இரண்டுக்கும் நடுவில் என் பாட்டு வேறு ஆளுடைய பாட்டாக மாறிப்போனது. மண்ணின் தாளத்துக்குத் திரும்பிய கலகம் என்று பிற்பாடு ஒருவர் எங்களைப் பாராட்டி எழுதினார். நாங்கள் பாக்ஸ் கிழியாமல் இருப்பதற்காகத் திரும்பியவர்கள்.

அவர் மிக்சருக்கு முன்னால் உட்காரும் விதமே தனி. நாற்காலியை மேடைக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொள்வார். எங்களைப் பார்க்கவே மாட்டார், பார்ப்பதெல்லாம் கூட்டத்தைத்தான். வலது கட்டைவிரல் எங்கள் மைக்குகளின் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற கட்டையின் மேலேயே இருக்கும். இடது கைக்குப் பக்கத்தில் ஒரு பழைய போன். அதில் சாமி பாட்டு ஒன்று தயாராக இருக்கும், தொட்டால் பாடும். வேனில் மஞ்சள் துண்டு போர்த்திய சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் எப்போதும் வரும். அதை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

"அந்த டப்பா எதுக்குண்ணே, பொண்டாட்டி மாதிரி கூடவே கூட்டிக்கிட்டுத் திரியிறீங்க?" என்று கேட்டால், "இருக்கட்டும் தாயி" என்பார்.

எந்த ஊருக்குப் போனாலும் வேனை நிறுத்தியதும் டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு கடையில் குடித்துவிட்டு, ஊருக்கு மறுகோடியில் இன்னொரு கடையிலும் குடிப்பார். டீயில் அவருக்கு அப்படி ஒன்றும் ஆசை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுப்பார். திரும்பி வந்து எங்கள் பாட்டுப் பட்டியலை வாங்கிக் காதில் செருகியிருந்த பேனாவால் ஒன்றை அடிப்பார். காரணம் சொல்ல மாட்டார்.

ஒரே ஒரு தடவை அவர் இரண்டாவது டீயைக் குடிக்கவில்லை. அலங்காநல்லூர் பக்கம் ஒரு ஊர், பொங்கலுக்கு மறுவாரம், பகல் மூன்று மணி. வேன் வழியில் பஞ்சரானதால் நேரம் போய்விட்டது. பாண்டி ஒரு பாட்டில் ஒரு காளையின் பெயரைச் சேர்த்துப் பாடுவான். எல்லா ஊரிலும் கைதட்டு வாங்கிய வரி. அந்தக் காளை அந்த ஊர்க்காரர்களைப் போன வருடம் வாடிவாசலில் தூக்கி எறிந்துவிட்டுப் போன பக்கத்து ஊர்க் காளை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

பெயரின் முதல் பாதிதான் வெளியே வந்தது. அதற்குள் வலதுபக்கக் கூட்டம் எழுந்துவிட்டது. கொடி கட்டியிருந்த கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் மேடையை நோக்கி வந்தார்கள். பாண்டி உறுமியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். எங்கள் மைக்குகள் மூன்றும் செத்தன. அடுத்த நொடி அத்தனை பாக்ஸிலும் சாமி பாட்டு.

முன்னால் வந்தவன் நின்றான். பின்னால் வந்தவர்களில் ஒருவன் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினான். பெண்கள் பக்கத்தில் ஒரு அக்காவுக்கு அருள் வந்துவிட்டது. சாமி வந்து ஆடிக்கொண்டிருக்கிற இடத்தில் யார் கம்பை ஓங்குவது? அவர்கள் தண்ணீரும் வேப்பிலையும் தேடி ஓட, நாங்கள் வேனுக்கு ஓடினோம்.

ஊர் எல்லை தாண்டிப் பத்து கிலோமீட்டர் போன பிறகுதான் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். கேட்காமலே சொன்னார்.

"ஒரு கல்யாண ஊர்வலம். ஒரு பய பென் டிரைவக் குடுத்து, மூணாவது பாட்டப் போடுங்கண்ணேன்னான். என்ன பாட்டுன்னு கேக்கல. எந்தத் தெரு வழியாப் போறோம்னு பாக்கல. போட்டுட்டேன். மூணு நிமிசப் பாட்டு. முடியிறதுக்குள்ள ஏழு வீட்டு ஓடு ஒடஞ்சிருச்சு. ஒரு பயலுக்கு ஒரு கண்ணு போச்சு. கல்ல எறிஞ்சவன புடிச்சாங்க, கம்பால அடிச்சவன புடிச்சாங்க. பட்டனப் போட்டவன ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல."

அவர் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு, பாட்டின் நடுவில் கட்டையை இறக்கி அவர் சொல்லை வெட்டுவதைப் பற்றி நாங்கள் முணுமுணுக்கவில்லை. ஒரு சொல் போகும், சில சமயம் அரை வரி போகும். ஆனால் எங்கள் பாட்டுகள் அதற்குள் போன்களில் சுற்ற ஆரம்பித்திருந்தன. அவர் வெட்டிய சொல்லைக் கூட்டம் கத்த ஆரம்பித்தது. கூட்டம் கத்துவதைப் பார்த்து நாங்களே அந்த இடத்தில் நிறுத்தப் பழகினோம். அவர் வெட்டுவதற்கு முன்னால் நாங்கள் நிறுத்தினால் அது பாணி, அவர் வெட்டினால் அது அவமானம். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் நாங்கள் பெயர் வாங்கினோம்.

என் கோபம் வேறு இடத்தில் ஆரம்பித்தது. மேலூர்ப் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குப் போகும்போது அவர் வேனுக்குள் இருந்தபடியே ஒரு கோபுரத்தைக் காட்டினார்.

"இந்த ஊருக்குப் பதினெட்டு வருசமா நாந்தான் குழாய் கட்டுறேன்."

அது என் ஊர். நான் அதை அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

திருவிழாவுக்கு எங்கள் ஊரில் பதினான்கு குழாய் கட்டுவார்கள். கோயில் திடலில் இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்து வயல்வெளி வரைக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் தெருவுக்கு ஒன்றும் கிடையாது. வாய்க்கால் பாலத்துக் கம்பத்தில் கட்டுகிற கடைசிக் குழாயும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கொஞ்சம் கேட்கும். சின்ன வயதில் நான் காற்றுக்காக வாசலில் நின்றிருக்கிறேன்.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தாண்ணே எங்க வீடு" என்றேன். "அங்க ஏன் கட்டல?"

அவர் வேகத்தைக் குறைத்தார். "கமிட்டி காட்டுற எடத்துலதான் தாயி கட்டுவோம்."

"பாலத்துல இருக்குறத அந்தப் பக்கமாத் திருப்பி வைக்கச் சொன்னதும் கமிட்டியா?"

"ம்" என்றார். பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரமே பாட்டை எழுதிவிட்டேன். பல வரிகள் இருந்தாலும் பாட்டு நிற்பது இரண்டு வரியில்தான்:

*ஊருக்கெல்லாம் குழாய் கட்டிச் சாமிய எழுப்புனீங்க*
*எங்க தெரு வந்ததுமே வாய ஏன்டா திருப்புனீங்க*

கொட்டகையில் முதல் தடவை அவருக்கு எதிரிலேயே பாடினேன். அவர் முகம் சுருங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் பாடினேன், மறைக்க ஒன்றும் இல்லை. அவர் வயர் சுற்றுவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

"நல்லாருக்கு தாயி. ஆனா வெளிய வேணாம்."

நான் வெளியே பாடினேன். அவர் வெட்டினார். மூன்று மேடையில் பாடி மூன்றிலும் இரண்டாவது வரி சரியாக 'எங்க' என்ற சொல்லோடு செத்தது. இதைக் கூட்டம் கத்தவும் இல்லை, ஏனென்றால் யாரும் அதை முழுசாகக் கேட்டதே இல்லை. கடைசியில் நகரத்துக்குள் ஒரு கல்லூரி அரங்கத்திலும் வெட்டினார். மேடையை விட்டு இறங்கி நேரே அவரிடம் போனேன்.

"இங்க என்னண்ணே பயம்? ஏசி ஹால்ல எவன் கம்பத் தூக்கப் போறான்?"

"எல்லாரும் போன்ல எடுக்குறாங்கல்ல தாயி. போனு எல்லா ஊருக்கும் போகும்."

"போகட்டும். அதுக்குத்தானே பாடுறேன்."

"நீ பாடிட்டு மதுரைக்கு வந்துருவ. உன் ஆத்தா அங்கதான இருக்கு?"

அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாகக் கத்தினேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான் காசிம். "அலங்காநல்லூர்ல வேற ஆளா இருந்தா நாம மூணு பேரும் இன்னைக்கு மால போட்ட போட்டோதான் மாப்ள" என்றான் பாண்டி. பேச்சு அங்கேயே நின்றுபோனது.

இப்படி இருக்கும்போதுதான் என் ஊரிலிருந்தே அழைப்பு வந்தது. நம்ம ஊர்ப் பிள்ளை போன் முழுக்க வருகிறதே என்று பெரிய தெருப் பையன்கள் கமிட்டியைப் பிடித்துச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். மாசித் திருவிழா, சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு வரை. நான் அந்தத் திடலில் மேடை ஏறலாம். என் அம்மா அந்த மேடைக்கு எதிரே வந்து உட்கார முடியாது. உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எங்கள் தெருவிலிருந்து யாரும் போவதில்லை, அவ்வளவுதான். நான் மேடையில் பாடி என் அம்மா கேட்டதே இல்லை.

எனக்கு அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. முன்வரிசையில் அந்தக் கமிட்டி உட்கார்ந்திருக்கும்போது அந்த இரண்டு வரியையும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் குழாய் கட்ட முதல் நாளே அந்த ஊருக்குப் போயிருந்தார். நாங்கள் மறுநாள் மத்தியானம் போய் இறங்கியதும் அவரைத் தனியாக அழைத்தேன்.

"இன்னைக்கு மட்டும் கைய எடுத்துருங்கண்ணே. என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்."

"பாப்போம் தாயி" என்று டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பட்டியலை வாங்கிப் பார்த்தார். பேனாவைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஒன்றையும் அடிக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. மனசு மாறிவிட்டார் என்று நினைத்தேன். மிக்சருக்குப் பக்கத்தில் மஞ்சள் துண்டு மடித்துக் கிடந்ததைப் பார்த்தேன், பெரிதாக யோசிக்கவில்லை.

ஐந்தாவது பாட்டு அது. பாண்டி உறுமியை இழுக்க ஆரம்பித்ததும் திடல் அடங்கியது. முதல் வரியைச் சொன்னேன். 'சாமிய எழுப்புனீங்க' என்றதும் முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினார், பக்தி என்று நினைத்துவிட்டார். கமிட்டித் தலைவர் மட்டும் ஆட்டவில்லை. வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற இளவட்டங்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வரியை எடுத்தேன்.

'எங்க.'

மைக் செத்தது. சாமி பாட்டு வந்தது.

நான் அவரைப் பார்த்தேன். கட்டைவிரல் கட்டையை அடிமட்டத்துக்கு இழுத்து வைத்திருந்தது. அவர் என்னையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை, வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஊரில், என் பாட்டை, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குழாய் கட்டிய அதே கையால் வெட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் நிறுத்தவில்லை. செத்த மைக்கில் அந்த வரியைச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகு இருந்த பதினாறு வரியையும் ஒன்று விடாமல் சொன்னேன். சாமி பாட்டில் என் குரல் என் காதுக்கே விழவில்லை. கமிட்டித் தலைவர் மறுபடி மெல்ல ஆரம்பித்தார். முடித்ததும் மைக்கை மேடையில் வைத்துவிட்டுப் பின்பக்கமாக இறங்கி நடந்தேன்.

பாலத்தைத் தாண்டும்போது அழுதுகொண்டிருந்தேன். துக்கமெல்லாம் இல்லை, சுத்தமான கோபம்.

எங்கள் தெரு முக்கில் புங்க மரத்தடியில் தெருவே கூடி நின்றது. அம்மா வேலைக்குத் தலையில் கட்டின துண்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். யாருக்கு என்ன ஆனதோ என்று பதறி ஓடினேன். அப்போதுதான் மரத்துக்கு மேலிருந்து காசிமின் குரல் கேட்டது.

"மாப்ள, எங்கடா போனா அவ? நன்றி யாருடா சொல்றது?"

நிமிர்ந்து பார்த்தேன். கிளையில் ஒரு குழாய், தெருவைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதில் சாமி பாட்டு இல்லை. திடலில் செத்துக் கிடக்கிறது என்று நான் நினைத்த மைக்குகள் இங்கே பேசிக்கொண்டிருந்தன. மரத்தடியில் அந்த மஞ்சள் துண்டு ஆம்ப்ளிஃபயர். மைக்குகளிலிருந்து அதற்குத் தனியாக ஒரு வயர், அவர் இறக்குகிற கட்டையைத் தொடாமல், வாய்க்கால் கரையோரமாகச் செடிகளுக்குள்ளேயே வந்திருந்தது.

"விடியக்காலம் ஒருத்தரு வந்து கட்டுனாரு" என்றாள் அம்மா. "புள்ள பாடுது, கேளுங்கன்னாரு. வெளிய சொல்லிக்காதீங்கன்னாரு."

"கேட்டுச்சாம்மா?"

"முழுசாக் கேட்டுச்சு. ரெண்டு தடவ சொன்னியே, அதுவும்."

"எப்படி இருந்துச்சு?"

அம்மா தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். "நீ பாடுனதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதானடி. அதக் குழாய்ல கேட்டதுதான் புதுசு."

நான் வந்த வழியே திரும்பினேன். திடலில் கூட்டம் கலைந்திருந்தது. அவர் குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கேக்க வேண்டியவங்க இங்க ஒக்காந்திருந்தாங்கண்ணே. நீங்க எங்க ஆளுகளுக்கே போட்டுக் காமிச்சிருக்கீங்க."

"ஆமா தாயி" என்றார். நிமிரவில்லை. "என்னால இம்புட்டுத்தான் முடிஞ்சுச்சு."

இனிமேல் எங்களோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சரி தாயி" என்று சொல்லிவிட்டு, சுற்றிய வயரை வேனில் ஏற்றப் போனார். இருட்டுவதற்கு முன்னால் புங்க மரத்துக் குழாயையும் அவரே வந்து கழற்றிக்கொண்டு போனதாக அம்மா சொன்னாள். கட்டிய கயிறு மட்டும் கிளையில் நின்றுவிட்டது.

இப்போது எங்களுக்கு வேறு ஆள், புது மிக்சர். அந்தப் பையன் எதையும் வெட்டுவதில்லை. அந்த வரியை ஊர் ஊராக முழுசாகப் பாடிவிட்டேன். சில இடத்தில் கைதட்டினார்கள், ஒரு இடத்தில் கல் வந்தது. எங்கள் ஊர் மட்டும் எங்களை மறுபடி கூப்பிடவில்லை.

இரண்டு திருவிழா போய்விட்டது. போன வாரம் அம்மா போன் செய்தாள். எங்கள் தெருவிலிருந்து பதினைந்து பேர் கமிட்டியிடம் போயிருக்கிறார்கள், அம்மா முன்னால் நின்றிருக்கிறாள். இந்த வருடம் புங்க மரத்தில் ஒரு குழாய் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அந்தத் தெரு கமிட்டியிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கமிட்டி இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாளாகப் பாலத்தில் போலீஸ் நிற்கிறதாம்.

"கட்டுனா அந்த மைக்செட்டுக்காரரத்தான் கூப்புடணும்னும் சொல்லிட்டோம்" என்றாள்.

அவருடைய நம்பரை நான் அழிக்காமல்தான் வைத்திருந்தேன். மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தார். யார் என்று கேட்கவில்லை. அம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன், போலீஸ் நிற்பதையும் சேர்த்துத்தான். வருவீர்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் வயர் சுற்றுகிற சத்தம் நின்றது.

"எந்தப் பக்கம் பாத்துக் கட்டணுமாம் தாயி?" என்றார்.